இருபத்தைந்தாவது வீடு

முத்தலிப் தன் பேத்தியைப் பார்ப்பதெல்லாம் படலைக்கு வெளியே நின்றுதான். காலை பத்தரை, பதினொரு மணி போல திருகோணமலையை ஒட்டிய பாலையூற்றில் மகளின் வாடகை வீட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார். பின்னால் கட்டிய பெட்டியில் சூடை மீனும் கீரி மீனும் பாதி விற்று, பாதி மீதி இருக்கும். உள்ளேயிருந்து அவர் மனைவி பல்கீஸ் பிள்ளையைத் துணியோடு அள்ளிக்கொண்டு வாசற்படி வரை வருவாள். படியிலேயே நிற்பாள். இறங்க மாட்டாள்.

"இன்னும் ரெண்டு எட்டு இஞ்சால வாவன்," என்பார் முத்தலிப்.

"உங்கட கைய ஒருக்கா மணந்து பாருங்க. பத்து நாள் புள்ள. மீன் வெடுக்குல தும்மித் தும்மிக் கிடக்கும்."

"நான் தொடப் போறல்ல. மூக்கு ஆர்ர மூக்கெண்டு பாக்கத்தான்."

"என்ட மூக்கு. போய் யாவாரத்தப் பாருங்க."

ஐம்பத்தாறு வயது மனிதர், படலைக் கம்பிக்கிடையில் முகத்தை வைத்துக்கொண்டு, துணிக்குள் தெரிந்த ஒரு சின்ன நெற்றியையும் கறுப்பு முடியையும் பார்த்துவிட்டுப் புறப்படுவார். அடுத்த வீதிக்கு மீன் கொண்டு போனால், பெட்டியைத் திறக்கும் முன்னமே, "எனக்குப் பேத்தி புறந்திரிக்கி, அம்ரா எண்டு பேர்" என்பார். வாங்குகிறவர்கள் முந்தா நாளும் அதைக் கேட்டவர்கள்தான். ஆனாலும் சிரித்துக்கொண்டு கேட்பார்கள். அன்றைக்கு ஒரு மீன் கூடவே விழும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிள்ளை பாலையூற்றில் இருக்க வேண்டியவள் இல்லை. அவளுக்கு ஊர் கிண்ணியாவுக்கு அப்பால், உப்புநீர்க் களப்பை ஒட்டிய பூவரசடி ஒழுங்கை. அந்தப் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் வாப்பாமார் அன்றைக்கே கல்லையும் சீமெந்தையும் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். கலியாணமானால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவான். அதனால் பெண்ணுக்கு வீடு வேண்டும். முத்தலிப்பும் அப்படி வந்தவர்தான். மூதூரிலிருந்து ஒரு தகரப் பெட்டியும் இரண்டு சேர்ட்டுமாகப் பல்கீஸின் வீட்டுக்கு வந்தார். அந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. மகள் சுஹைராவுக்கு அப்போது இரண்டு வயது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினதைத் தவிர அந்த நாளைப் பற்றி முத்தலிப் ஒன்றும் கதைப்பதில்லை.

தண்ணீர் வடிந்த வளவில் அவர் தனக்கென்று போட்டது நாலு தகரம். மகளுக்கென்று போட்டது அத்திவாரம். மீன் பட்ட வருஷம் சுவர் ஏறும், படாத வருஷம் சுவரில் பாசி ஏறும். இப்படிப் பதினாறு வருஷம். முன்னுக்கு விறாந்தை, உள்ளே இரண்டு அறை, பின்னுக்குக் குசினி. சுஹைராவின் கலியாணத்தன்று வீட்டு உறுதிப் பத்திரத்தையும் கதவுத் திறப்பையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, அவரும் பல்கீஸும் வளவின் பின்மூலையில் இருந்த தகரக் கொட்டிலுக்குப் போனார்கள். அன்றையிலிருந்து அந்த வீட்டுக்குள் போவதென்றால் முத்தலிப் செருப்பைக் கழற்றி வைத்து, "மகள்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார். தான் கட்டின வீடுதானே என்று யாராவது சிரித்தால், "கட்டினது நான்தான். குடுத்ததும் நான்தானே" என்பார்.

போன வருஷக் கடைசியில் அடித்த புயலோடு வந்த வெள்ளம் ஒழுங்கையை மூன்று நாள் மூடியது. களப்பு ஏறி வந்தது. மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்தன. எல்லாமாகச் சேர்ந்து கிணறுகளுக்குள் இறங்கின. வெள்ளம் வடிந்தது. கிணறு தெளியவில்லை. சவுக்காரம் நுரைக்காது, தேத்தண்ணீர் கரிக்கும், நாலு வீட்டில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். அப்போது சுஹைராவுக்கு வயிற்றில் ஆறு மாதம். பார்க்க வந்த மிட்வைஃப் மிஸ்ஸி கிணற்றடியில் நின்று வாளியை மணந்து பார்த்துவிட்டு, "பச்சப் பிள்ளைய இந்தத் தண்ணியில வச்சிருக்க ஏலாது. தாங்கித் தண்ணி ஏதும் வரட்டும், அதுக்குப் பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டாள்.

மருமகன் ஸஜ்ஜாத் டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை. அவன் பாலையூற்றில் ஒரு அறையும் சின்னக் குசினியுமாக வாடகைக்கு எடுத்தான். பிள்ளை திருகோணமலை ஆஸ்பத்திரியில் பிறந்தது. நாற்பது நாளும் தாயோடு இருக்கப் பல்கீஸும் அங்கே போய்விட்டாள். தகரக் கொட்டிலை வெள்ளம் தின்றுவிட்டதால் முத்தலிப் மகளின் வீட்டு விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தார். திறப்பு இடுப்பில். இரண்டு அறையும் காலி. மழை சாய்த்து அடித்த நாளிலும் அவர் உள்ளே போய்ப் படுக்கவில்லை. பாயைச் சுருட்டிச் சுவரோடு சாய்ந்துகொண்டு, இந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு பிள்ளை அழுதால் எப்படிக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இதற்கிடையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு நல்ல செய்தி சொன்னார்கள். வெள்ளம் பட்ட கிராமங்களின் அவசரக் குடிநீருக்கு அரசாங்கம் நிதி ஒதுக்கியிருக்கிறது. ஒழுங்கைக்கு ஐயாயிரம் லீட்டர் தாங்கி ஒன்று, அதற்குச் சீமெந்து மேடை, நாலு பைப், கிழமைக்கு மூன்று தரம் தண்ணீர் கொண்டுவரும் பவுசர். கிணறுகளை இறைத்து மருந்து போடுவதும் அதற்குள்ளேதான். ஒரே ஒரு நிபந்தனை: இருபத்தைந்து குடும்பம் இருக்க வேண்டும். பூவரசடி ஒழுங்கையில் எண்ணி இருபத்தைந்து வீடு. முத்தலிப் அன்று இரவே பல்கீஸுக்குப் போன் எடுத்து, "நாப்பது முடியிறதுக்குள்ள புள்ளய இஞ்ச கொண்டு வரலாம், இன்ஷா அல்லாஹ்" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நாட்களைத் தள்ளினார்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது பல்கீஸின் சாச்சி மகள் லைலா வேலியடியில் வந்து நின்றாள்.

"மச்சான், நமக்குத் தாங்கி இல்லயாம். தெரியுமா?"

"ஆர் செல்ற?"

"ஜீ.எஸ். ஐயாதான் செல்றார். இருபத்தினாலு குடும்பம்தான் இரிக்காம். ஒரு வீட்டுல ஆளே இல்லயாம்."

"இருபத்தஞ்சு வீட்டுலயும் அடுப்பு எரியுதே! அது எந்த மடையன்ட வீடு?"

லைலா இடுப்பில் கையை வைத்தாள். "இந்தா, நீங்க பெட்டி கழுவுறீங்களே, அந்த வளவுதான் மச்சான்."

முத்தலிப்பின் கையிலிருந்த தேங்காய்த் தும்பு கீழே விழுந்தது.

நடந்தது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிள்ளை பிறப்பதற்கு ஒரு கிழமை முன்னால் ஜீ.எஸ். ஐயா, கிராம சேவகர் குலசிங்கம், படிவத்தோடு வீடு வீடாக வந்தார். "இந்த வீடு ஆருடையது?" என்று கேட்டார். "மகள்ட." "மகள் எங்கை?" "டவுன்ல ஐயா. கிளினிக்குக்காகப் பதிவெல்லாம் அங்க மாத்தியாச்சி." "அப்ப இஞ்சை ஆர் குடியிருக்கிறது?" முத்தலிப் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "ஒருத்தரும் இல்ல ஐயா. நாங்க சும்மா அவட வீட்டப் பாத்துக்கொண்டு இரிக்கம்" என்றார். பல்கீஸும் பக்கத்தில் நின்று, ஓம் என்று தலையாட்டினாள். முப்பது வருஷமாக அந்த மண்ணில் கிடந்த இரண்டு பேர், தங்களைத் தாங்களே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதில் பொய்யென்று ஒன்றுமில்லை. மகளுக்குக் கொடுத்த வீட்டில் நான் குடியிருக்கிறேன் என்று சொல்ல அந்த ஒழுங்கையில் எந்த வாப்பாவுக்கும் வாய் வராது.

அடுத்த நாள் காலை அவர் மீனுக்குப் போகவில்லை. குலசிங்கத்தின் கந்தோரில் போய் நின்றார்.

"நானா, இது பெரிய வேலை இல்லை," என்றார் குலசிங்கம். படிவம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "நானும் மனைவியும் இந்த வீட்டில குடியிருக்கிறம், குடும்பத் தலைவர் நான் எண்டு இதில ஒரு கையெழுத்து வையுங்கோ. இருபத்தஞ்சு ஆகிடும்."

முத்தலிப் பேனையை வாங்கினார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். தன் பேரை எழுத மட்டும் அவருக்குத் தெரியும். அதையும் மெதுவாகத்தான் எழுதுவார். 'மு' என்ற எழுத்தின் தலை வரை போன பேனை அங்கேயே நின்றது.

"தலைவர் எண்டு போடாம ஏலாதா ஐயா?"

"வீட்டுக்கு ஒரு தலைவர் வேணுமே."

"காவல்காரன் எண்டு போடுங்களன்."

குலசிங்கம் சிரித்தே விட்டார். "காவல்காரனுக்கு அரசாங்கம் தண்ணி தராது நானா. குடும்பத்துக்குத்தான் தரும்."

முத்தலிப் பேனையைக் கீழே வைத்தார். கீழ் ஒழுங்கையில் முன்பொருவர் மகளுக்குக் கொடுத்த வீட்டில், கறண்ட் பில்லுக்கென்று தன் பேரைப் போட்டார். குடுத்த கையாலேயே திருப்பி எடுத்தவன் என்று மருமகன் வீட்டார் மூன்று வருஷம் அந்த வாசலை மிதிக்கவில்லை. கையெழுத்து வைத்தால் தண்ணீர் வரும், பிள்ளை வராமல் போகலாம். வைக்காவிட்டால் தண்ணீரே வராது. தண்ணீர் இல்லாத இடத்துக்குப் பிள்ளையும் வராது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சின்ன நெற்றி தூரத்தில்தான் தெரிந்தது.

"திங்கள் காலமை லிஸ்ட் பிரதேச செயலகத்துக்குப் போகுது," என்றார் குலசிங்கம், கொஞ்சம் இரங்கின குரலில். "அதுக்குப் பிறகு நான் நினைச்சாலும் ஏலாது."

ஞாயிற்றுக்கிழமை ஸஜ்ஜாத்துக்குக் கடை லீவு. முத்தலிப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் புறப்பட்டார். டவுன் பள்ளிவாசல் பைப்படியில், எலுமிச்சம்பழம் இரண்டை வெட்டி முழங்கை வரை தேய்த்தார். சவுக்காரம் மூன்று தரம். கழுவி, மணந்து, திரும்பவும் கழுவினார். நல்ல தண்ணீரில் நுரை பொங்கிப் பொங்கி வருவதைப் பார்த்தபோது அவருக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்தத் தண்ணீரில் ஒரு வாளி தன் ஒழுங்கையில் இருந்திருந்தால் இந்த நேரம் பிள்ளை மடியில் கிடக்கும்.

பல்கீஸ் கதவைத் திறந்தாள். வெள்ளைச் சாரனையும் இஸ்திரி போட்ட சேர்ட்டையும் மேலும் கீழும் பார்த்தாள். "என்ன, இன்டைக்குப் பெருநாளா?"

அவர் இரண்டு கையையும் நீட்டினார். அவள் குனிந்து மணந்தாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு எல்லாம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், பிள்ளையைக் கொண்டுவந்து அந்தக் கையிலேயே வைத்தாள்.

ஒரு நல்ல பாரை மீன் பாரம்கூட இல்லை. கண் மூடியிருந்தது. வாய் மட்டும் எதையோ தேடிச் சப்பிக்கொண்டது. முத்தலிப் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூச்ச விடுங்க," என்றாள் பல்கீஸ். "நீங்க விட்டாலும் அவள் எழும்ப மாட்டா."

"மூக்கு உன்ட மூக்கில்ல. என்ட உம்மாட மூக்கு," என்றார் அவர்.

ஸஜ்ஜாத் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டான். மாமனார் தன் அறைக்குள் வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தரம். அவனுக்குக் கை கால் ஓடவில்லை. சுஹைரா திரைச்சேலைக்குப் பின்னால் படுத்திருந்தாள். பிள்ளையைப் பல்கீஸிடம் கொடுத்துவிட்டு, முத்தலிப் தொண்டையைச் செருமினார். தாங்கி, இருபத்தைந்து குடும்பம், படிவம், தலைவர் எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொன்னார்.

"அதுதான் மருமகன், ஒரு மாசமோ ரெண்டு மாசமோ. தண்ணி வருமட்டும். நான் வீட்டத் திருப்பி எடுக்கிற எண்டு நீங்க நினைக்கக் கூடா. உங்கட உம்மாவுக்கும் நான் வந்து செல்றன். நீங்க ஓம் எண்டாத்தான் வைப்பன்."

ஸஜ்ஜாத் தலையைக் குனிந்துகொண்டான். "மாமா, இதுக்கா வந்தீங்க? வீட்ட விட்டுட்டு வந்தவன் நான். குடுத்த வீட்டுல இரிக்காம வாடகைக்கு ஓடின மாப்புள எண்டு உங்கட ஒழுங்கையில என்னத்தான் கதைப்பாங்க எண்டு நான் வெக்கப்பட்டுக்கொண்டு இரிக்கன். நீங்க என்னட்டக் கேக்கிறீங்க!"

"உங்களயா? சேச்சே. உங்கள ஒருத்தரும் கதைக்கல்ல."

"கதைச்சிரிப்பாங்க மாமா."

"லைலா மட்டும் கொஞ்சம் கதைச்ச."

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "வாப்பா!"

"என்ன மகள்?"

"வீடு ஆர்ர பேர்ல இரிக்கி?"

"உன்ட பேர்ல."

"இவர்ர பேர்லயா?"

"இல்ல மகள். உன்ட பேர்லதான்."

"அப்ப ரெண்டு பேரும் எனக்குப் பக்கத்துல இருந்துக்கொண்டு என்னட்டக் கேக்காம ஆரட்டக் கேக்கிறீங்க?"

பல்கீஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஒரு கொப்பித் தாள் கிழிச்சுத் தாங்க," என்றாள் சுஹைரா. திரையை விலக்கி எழும்பி உட்கார்ந்தாள். முகம் வெளிறி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "வாப்பா, எனக்கு இஞ்ச ஏலாது. சன்னலத் திறந்தா மத்தவன்ட சுவர். புள்ள அழுதா மேல் வீட்டுக்காரங்க தட்டுறாங்க. எனக்கு என்ட வீட்டுக்கு வரணும். நீங்க தலைவர் எண்டு வைப்பீங்களோ, ராஜா எண்டு வைப்பீங்களோ, எனக்குத் தண்ணி கொண்டு வாங்க."

அவள் எழுதிக் கொடுத்தது நாலு வரி. என் வீட்டில் என் வாப்பாவும் உம்மாவும் குடியிருக்கிறார்கள், நான் வரும் வரைக்கும் வந்த பிறகும் இருப்பார்கள், என்று அதில் இருந்தது. முத்தலிப்புக்கு அதை ஸஜ்ஜாத் வாசித்துக் காட்டினான். 'வந்த பிறகும்' என்ற இடத்தை அவர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

திங்கள் காலை கந்தோர் திறக்கும் முன்னமே அவர் வாசலில் நின்றார். கையெழுத்து வைத்தார். எழுத்துக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஆனாலும் முழுப் பேரும் விழுந்தது.

அரசாங்கக் காசு கடதாசியில் வேகமாக வரும், தண்ணீராக மெதுவாகத்தான் வரும். லிஸ்ட் செயலகத்துக்குப் போனது, அங்கிருந்து மாவட்டக் கச்சேரிக்குப் போனது, இன்னொரு கையெழுத்துக்காகத் திரும்பி வந்தது. முத்தலிப் ஒவ்வொரு நாளும் படலையடியில் நின்று, "இந்தக் கிழம" என்பார். பல்கீஸ் படியில் நின்று, "போன கிழமயும் இந்தக் கிழமதான்" என்பாள். பிள்ளை கண் திறந்து பார்க்கத் தொடங்கினது. கையை மடக்கத் தொடங்கினது. பதினைந்தாம் நாள் இருந்த முகம் முப்பதாம் நாள் இல்லை. தான் பார்க்காமலே ஒரு முகம் போய் இன்னொரு முகம் வந்துவிட்டதே என்று அவர் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போவார்.

முப்பத்தாறாம் நாள் லொறியில் கறுப்புத் தாங்கி வந்து இறங்கியது. ஒழுங்கையே கூடித் தூக்கியது. லைலா, "தலைவர் வாறார், வழி விடுங்க!" என்று முத்தலிப்பைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே மேடைக்குக் கல் சுமக்க வைத்தாள். மேடை ஏழு நாள் ஊறிக் காய வேண்டும் என்றார்கள்.

நாற்பதாம் நாள் இடையில் வந்து போய்விட்டது. பாலையூற்றில் தாயையும் பிள்ளையையும் குளிக்கவார்த்து, புதுத்துணி போட்டு, படம் எடுத்து அனுப்பினார்கள். முத்தலிப் விறாந்தையில் இருந்து, கண்ணாடி வெடித்த போனில் அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார். பிள்ளையின் முகத்துக்குப் பின்னால் தெரிந்த சுவர் அவர் பூசின சுவர் இல்லை. நாற்பது என்பது ஒரு தரம்தான். பிந்தி வரும் தண்ணீர் அதைத் திருப்பிக் கொண்டுவராது. அன்றைக்கு அவர் சோறு சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை மகளுக்குப் போன் எடுத்தார்.

"மகள், புள்ளட ஏணைக்குக் கயிறு கட்டணும். உள்ளுக்குப் போகட்டா?"

"திறப்பு உங்கட்டத்தானே வாப்பா இரிக்கி!"

"இருந்தாலும்."

"போங்க வாப்பா. நல்லா இறுக்கிக் கட்டுங்க."

கூரை வளையில் கயிற்றைப் போட்டு, பிள்ளைக்குப் பதிலாக ஐந்து கிலோ அரிசிப் பையை அதில் வைத்து, அரை மணித்தியாலம் ஆட்டிப் பார்த்தார்.

மேடை காய்ந்தது. பவுசர் வந்து தாங்கியை நிரப்பியது. சுகாதாரப் பரிசோதகர் போத்தலில் தண்ணீர் எடுத்துப் போனார். இரண்டு நாள் கழித்து மிஸ்ஸி வந்து பைப்பைத் திறந்து, உள்ளங்கையில் ஏந்திக் குடித்துவிட்டு, "ம், இப்ப கூட்டி வாங்கோ" என்றாள். முத்தலிப் அந்தச் சொல்லைக் கேட்கப் பக்கத்திலேயே நின்றார். கேட்ட பிறகு எங்கே போவதென்று தெரியாமல் பைப்பை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு த்ரீவீல் ஒழுங்கைக்குள் வந்தது. சுஹைரா இறங்கினாள். திறப்பை வாங்கி, தன் வீட்டைத் தானே திறந்தாள். வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டு உள்ளே போனாள். ஸஜ்ஜாத் பைகளோடு போனான். பல்கீஸ் பிள்ளையோடு போனாள். பெண்கள் வந்தார்கள், தாங்கித் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பிள்ளையைக் குளிக்கவார்த்தார்கள். உள்ளே வீறிட்டு அழுத சத்தம் சுவரைத் தாண்டி விறாந்தைக்கு வந்தது. முத்தலிப் அதைத் தூணோடு சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அழுகை தேய்ந்து, விக்கி, நின்றது. ஏணைக் கயிறு வளையில் உராய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது பவுசர் வந்தது. சாரதி ஜக்சன், டவுன்காரப் பெடியன், ஒழுங்கை முனையில் திரும்பும்போதே ஹோர்னை ஒரு அமத்து அமத்தினான்.

முத்தலிப் விறாந்தையிலிருந்து பாய்ந்தார். செருப்பில்லை. தோளில் கிடந்த துவாயைத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு ஒழுங்கையில் ஓடி, பவுசருக்கு முன்னால் போய் நின்றார்.

"நிப்பாட்டு! ஹோர்ன நிப்பாட்டு!"

ஜக்சன் பயந்து பிறேக்கைப் போட்டுத் தலையை வெளியே நீட்டினான். "என்ன நானா? தண்ணி வேண்டாமோ?"

"வேணும் தம்பி, வேணும். சத்தம் போடாம மெல்லமா ஊத்துங்க."

"ஏன், ஆருக்கும் சுகமில்லையோ?"

"இல்லயில்ல. நித்திரை." முத்தலிப் மூச்சு வாங்கிக்கொண்டு ஏணை ஆடுகிற வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "வீட்டுக்காரி வந்திரிக்கா."